குழந்தையின் பிரவுசரில் நல்ல அரசுத் தளங்கள் மட்டும் திறக்கும்படி செய்வது எப்படி?

குழந்தைகளுக்கான தளங்கள் என்று தேடினால் ஐம்பது, நூறு என்று பட்டியல் வரும். பாதி லிங்க் செத்திருக்கும். அமெரிக்க அரசின் 'கிட்ஸ் டாட் கவ்' இப்போது தனித்தளமாக இல்லை. ஆனாலும் பல பட்டியல்களில் அதுதான் முதலில் நிற்கிறது. அதனால் இங்கே பெரிய பட்டியல் கிடையாது. நாலைந்து தளங்களைத் தேர்ந்தெடுத்து, அவை மட்டும் திறக்கும்படி பிரவுசரைப் பூட்டப் போகிறோம். டேப்லெட்டோ போனோ, அதில் குழந்தைக்குத் தனிக் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: முகவரியை வாலிலிருந்து படியுங்கள்

முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோடு வரும் இடத்தைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள். 'டாட் கவ்' (.gov) என்று முடிந்தால் அது அமெரிக்க அரசு அமைப்புகளுக்கு மட்டுமே கிடைக்கும் முகவரி. 'டாட் கவ் டாட் இன்' இந்திய அரசு, 'டாட் கவ் டாட் எல்கே' இலங்கை, 'டாட் கவ் டாட் எஸ்ஜி' சிங்கப்பூர். 'நாசா டாட் கவ் டாட் ஏதோ ஒன்று டாட் காம்' என்று இருந்தால் அது நாசாவே இல்லை, அந்த 'ஏதோ ஒன்று'க்குச் சொந்தமானது.

பூட்டுப் படம் இருந்தால் பாதுகாப்பு என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். உங்களுக்கும் தளத்துக்கும் நடுவே யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதைத்தான் அது சொல்கிறது. தளம் யாருடையது என்று சொல்லாது. இந்தக் குழப்பத்தால்தான் குரோம் 2023-இல் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது.

விதிவிலக்கும் உண்டு. தமிழ்நாடு அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001-இல் தொடங்கியது. அதன் முகவரி 'தமிழ்வியு டாட் ஆர்க்'. அமெரிக்காவின் அருங்காட்சியக அமைப்பான ஸ்மித்சோனியன் 'டாட் எடு'வில் (.edu) இருக்கிறது. இப்படிப்பட்ட தளத்துக்குத் தேடுபொறி வழியாகப் போகாமல், சந்தேகமே இல்லாத ஓர் அரசுத் தளத்தில் இருக்கும் லிங்க் வழியாகப் போங்கள்.

படி 2: எதைச் சேர்க்கலாம்

என் முதல் தேர்வு நாசாவின் ஸ்பேஸ் பிளேஸ். 'வானம் ஏன் நீலம்?' என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். மேலே ஒரு கட்டத்தில் சுருக்கமான பதில், அதற்குக் கீழே விரிவான விளக்கம். சின்னவள் கட்டத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், பெரியவன் கீழே போகலாம். ஒரே பக்கம் இரண்டு வயதுக்கும் சரிப்பட்டு வருவது அபூர்வம்.

அடுத்து, அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் நீர் அறிவியல் பள்ளி. மழைத்துளி நாம் வரைகிற கண்ணீர்த்துளி மாதிரி இருக்காது, அடிப்பக்கம் தட்டையாகி பர்கர் பன் மாதிரி இருக்கும் என்று அங்கேதான் படித்தேன். எழுத்து கொஞ்சம் அதிகம், எட்டு வயதுக்குக் கீழே வேண்டாம்.

இணையப் பாதுகாப்பையே விளையாட்டாகக் கற்றுக்கொடுக்க, அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் 'சேஃப் ஆன்லைன் சர்ஃபிங்' இருக்கிறது. மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, வகுப்புக்கு ஒரு தீவு. தேர்வுப் பகுதி அமெரிக்கப் பள்ளிகளுக்கானது. விளையாட்டுகளை யாரும் ஆடலாம்.

தமிழில் வேண்டுமென்றால் பாடத்துக்கு இந்திய அரசின் கல்வித் தளமான தீக்ஷா. 2017-இல் வந்தது, பாடப்புத்தகத்தின் க்யூஆர் குறியீட்டோடு இணைந்தது. லாகின் செய்யாமலே பாடங்களைப் பார்க்கலாம், அப்படியே பாருங்கள். பொதுவாகவே, குழந்தையின் பெயர், பள்ளி, போன் எண் கேட்கும் இடத்தில் நின்றுவிடுவது நல்லது, அது அரசுத் தளமாகவே இருந்தாலும்.

படி 3: பூட்டுங்கள்

ஆண்டிராய்டில், பெற்றோர் கட்டுப்பாட்டுக்கான கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலியைத் திறந்து, குழந்தையின் பெயர், கன்ட்ரோல்ஸ், கூகுள் குரோம் அண்ட் வெப் என்று போய், 'ஒன்லி அலவ் அப்ரூவ்டு சைட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு மேனேஜ் சைட்ஸில் ஒவ்வொரு தளமாகச் சேருங்கள். ஐபேடில் செட்டிங்ஸில் இருக்கும் ஸ்க்ரீன் டைமுக்குள் வெப் கன்டென்ட் பகுதியில் இதே வசதி உண்டு. அங்கே ஆப்பிளே சில தளங்களை முன்கூட்டிப் போட்டு வைத்திருக்கும். வேண்டாததை நீக்கிவிடுங்கள்.

'ஆபாசத் தளங்களை மட்டும் தடு' என்ற நடுத்தர அமைப்பு எனக்குப் பிடிக்காது. எது நழுவி உள்ளே வரும் என்று நமக்குத் தெரியாது. சின்னக் குழந்தைக்கு அனுமதிப் பட்டியல்தான் சரி.

படி 4: சேர்த்த தளமே திறக்கவில்லையா?

எல்லோரும் சிக்குவது இங்கேதான், என் பாதி நேரமும் இங்கேதான் போனது. முகவரியைச் சரியாகச் சேர்த்திருப்பீர்கள், குழந்தை தொட்டால் 'அனுமதி கேள்' என்ற பக்கம் வரும். பெரும்பாலும் காரணம், அந்த முகவரி உங்களை இன்னொரு முகவரிக்குத் தள்ளிவிடுவதுதான். 2023-இல் நாசா தன் தளத்தைப் புதுப்பித்தபோது பல பக்கங்கள் 'சயின்ஸ் டாட் நாசா டாட் கவ்' பக்கம் போய்விட்டன. பழைய லிங்க்கைத் தொட்டால் புது வீட்டுக்கு அனுப்பும், அந்தப் புது வீடு உங்கள் பட்டியலில் இருக்காது.

செய்ய வேண்டியது இதுதான். லிங்க்கை முதலில் உங்கள் போனில் திறங்கள். பக்கம் முழுதாக வந்து நின்றபின் முகவரிப் பட்டையைத் தொட்டு, கடைசியாக என்ன இருக்கிறதோ அதை நகலெடுத்துச் சேருங்கள். அப்புறம் குழந்தையின் சாதனத்தில் நீங்களே இரண்டு மூன்று லிங்க் தொட்டுப் பாருங்கள்.

இதில் வெறுத்துப்போய் 'டாட் கவ் டாட் இன்' மொத்தத்தையும் அனுமதிக்கத் தோன்றும். வேண்டாம். பராமரிப்பில்லாமல் கிடக்கும் அரசுத் தளங்களில் ஹேக்கர்கள் சூதாட்டப் பக்கங்களைச் சொருகுவது நடக்கிற விஷயம். முகவரியின் வால் சொந்தக்காரர் யார் என்றுதான் சொல்கிறது. உள்ளே இருப்பதைத் திறந்து பார்ப்பது நம் வேலை.

பின்னர் சேர்த்தது

பக்கம் வருகிறது, வீடியோ இருக்கும் இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது என்று சிலர் கேட்டார்கள். அந்த வீடியோ யூடியூபிலிருந்து வருகிறது. அதற்காக யூடியூபை அனுமதித்தால் இவ்வளவு நேரம் செய்தது வீண். நாசாவின் சயின்டிஃபிக் விஷுவலைசேஷன் ஸ்டூடியோ தளத்தில் பல வீடியோக்களை நேரடியாகவே இறக்கிக்கொள்ளலாம். உங்கள் கணினியில் இறக்கி, குழந்தையின் டேப்லெட்டுக்கு மாற்றிவிடுங்கள். இணையம் இல்லாத நேரத்திலும் ஓடும்.

இன்னொருவர், பூட்டியபின்னும் வேறு தளங்கள் திறக்கின்றன என்றார். ஃபேமிலி லிங்க்கில் போட்ட வடிகட்டி குரோமுக்கு மட்டும்தான். அந்த டேப்லெட்டில் சாதனத்தோடு வந்த வேறொரு பிரவுசர் இருந்தது. ஃபேமிலி லிங்க்கிலேயே செயலிகள் பட்டியலுக்குப் போய் அதை முடக்கியதும் சரியாகிவிட்டது.