ஜின்னும் ஆரஞ்சு பிட்டர்ஸும்: மூன்று கிளாஸ் கொட்டிய கதை

முதல் மூன்று கிளாஸும் சிங்க்குக்குத்தான் போனது. வீட்டிலேயே ஒரு காக்டெய்ல் கலக்கும் ஆசை: ஜின் என்ற மது, எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, ஆரஞ்சு பிட்டர்ஸ். இதில் என்ன தப்பு வந்துவிடும் என்று இறங்கினேன்.

பிட்டர்ஸை ஏதோ ஆரஞ்சு சிரப் என்று நினைத்து ஒரு டீஸ்பூன் ஊற்றியதுதான் பெரிய தப்பு. அது ஆரஞ்சுத் தோலையும் கசப்பு வேர்களையும் ஆல்கஹாலில் ஊறவைத்து இறக்கிய சாரம். நாக்கில் வெகுநேரம் கஷாயக் கசப்பு நின்றது. பிட்டர்ஸ் மருந்தாகப் பிறந்த சரக்குதானே! அங்கோஸ்டுரா பிட்டர்ஸைக்கூட 1824-இல் வெனிசுவேலாவில் ஒரு ராணுவ மருத்துவர்தான் வயிற்றுக்காகத் தயாரித்தார். இப்போது பாட்டிலைக் கவிழ்த்து ஒரே உதறல், மிஞ்சினால் இரண்டு.

சர்க்கரை குளிர்ந்த ஜின்னில் கரையாமல் அடியில் மணலாகத் தங்கியது. வெந்நீரும் சர்க்கரையும் சம அளவில் கலந்து ஆறவைத்தேன், சரியாகிவிட்டது.

ஐஸ்தான் கடைசிவரை படுத்தியது. நாலே நாலு சின்னக் கட்டி போட்டு ஆற அமரக் குலுக்கினால் எல்லாம் தண்ணீர். இப்போது ஜாடி நிறைய ஐஸ், 12 வினாடி வேகமான குலுக்கல், உடனே டீ வடிகட்டியில் வடித்துவிடுகிறேன். ஷேக்கர் கிடையாது, பழைய ஊறுகாய் ஜாடிதான். மூடியிலிருந்த பூண்டு வாசம் போக இரண்டு நாள் வெயிலில் காயவைக்க வேண்டியிருந்தது.

என் அளவு: ஜின் 60 மில்லி, எலுமிச்சைச் சாறு 20, பாகு 20. அப்புறம் கிளாஸுக்கு மேல் ஒரு துண்டு ஆரஞ்சுத் தோலை மடக்கிப் பிழிந்தால், எண்ணெய் பொடிப்பொடியாகத் தெறித்து மிதக்கும்.