டாம்கேட்டில் பெக்கோ ஆக்டர்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஜாவாவில் ஆர்டர் டிராக்கிங் எழுதுகிறோம் என்றால் ஆக்டர் மாடல் கச்சிதமாகப் பொருந்தும். ஆக்டர் என்பது தனக்கு வரும் மெசேஜ்களை ஒவ்வொன்றாக எடுத்துச் செய்யும் சின்ன ஆப்ஜெக்ட்; பெக்கோ அதற்கான லைப்ரரி. ஒரு லாட்டுக்கு ஓர் ஆக்டர். நிட்டிங், சாயப்பட்டறை, கட்டிங் என்று எங்கிருந்து தகவல் வந்தாலும் வரிசையில் நின்று ஒவ்வொன்றாகத்தான் உள்ளே போகும். லாக் போட்டு மல்லுக்கட்ட வேண்டாம். பெரும்பாலான கோளாறுகள் ஆக்டருக்குள் வருவதில்லை. அதுவும், ஜாவா வெப் அப்ளிகேஷனை ஓட்டும் சர்வரான டாம்கேட்டும் சேர்கிற இடத்தில்தான் வருகின்றன.

முதலில் லைசென்ஸ். பெக்கோவுக்கு மூலமான ஆக்கா லைப்ரரி 2022 செப்டம்பரில் அதை மாற்றிவிட்டது, 2.7 முதல் அப்பாச்சி லைசென்ஸில் வெளியாகவில்லை. பழைய டுட்டோரியலைப் பார்த்து வெர்ஷன் நம்பரை மட்டும் ஏற்றிவிடாதீர்கள். 2.6-லிருந்து பிரிந்த அப்பாச்சி பெக்கோவே நம் வேலைக்குப் போதும். லைப்ரரி ஃபைலான ஜாரின் பெயர்க் கடைசியில் ஒட்டியிருக்கும் ஸ்காலா மொழியின் வெர்ஷன் எண் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கட்டும். 2.12-ஐயும் 2.13-ஐயும் கலந்தால் கம்பைல் ஆகிவிடும், ஓடும்போது கவிழ்ந்துவிடும்.

"ஏனுங்க, நாலு தடவை வார் ஃபைலை மாத்திப் போட்டா சர்வர் படுத்துக்குதுங்க" என்று யாராவது சொன்னால், காரணம் அநேகமாக எல்லா ஆக்டர்களையும் ஓட்டும் ஆக்டர் சிஸ்டம்தான். அது தனக்கென்று திரெட்டுகளை வைத்துக்கொள்ளும் கனமான பொருள். ரிக்வெஸ்டைக் கையாளும் சர்வ்லெட்டின் டூகெட்டுக்குள் ரிக்வெஸ்டுக்கு ஒன்று என்று உருவாக்கவே கூடாது, அப்ளிகேஷனுக்கு ஒன்றுதான். சர்வ்லெட் கான்டெக்ஸ்ட் லிஸனரில் தொடங்கும்போது உருவாக்கி, முடியும்போது டெர்மினேட் செய்து, அது நிற்கும்வரை சில வினாடி காத்திருக்க வேண்டும். பலர் முதல் பாதியோடு விட்டுவிடுகிறார்கள். அப்போது பழைய திரெட்டுகள் பழைய அப்ளிகேஷனின் கிளாஸ்களை ஏற்றிய கிளாஸ்லோடரைப் பிடித்துக்கொண்டே கிடக்கும். ஒவ்வொரு டெப்ளாய்க்கும் கிளாஸ்களுக்கான மெமரியான மெட்டாஸ்பேஸ் வீங்கும். டாம்கேட்டின் லாக் ஃபைலில் திரெட் நிறுத்தப்படவில்லை என்ற எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும், யாரும் படிப்பதில்லை!

அடுத்தது, ஆக்டருக்குள் நேராக ஜேடிபிசி வழியாக டேட்டாபேஸைக் கூப்பிடுவது. ஆக்டர்களுக்குத் திரெட் பங்கிடும் டீஃபால்ட் டிஸ்பேச்சரின் திரெட் எண்ணிக்கை சிபியு கோர்களைப் பொறுத்தது. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் எல்லா செக்கிங் டேபிளிலிருந்தும் ஸ்கேன் வந்தால், அந்தச் சில திரெட்டுகளும் டேட்டாபேஸுக்காகக் காத்து நிற்கும். சம்பந்தமில்லாத ஆக்டர்களும் உறைந்துபோகும். அந்த வேலையை பிளாக்கிங் டிஸ்பேச்சருக்குத் தள்ளுங்கள். ஆனால் அதில் டீஃபால்ட் 16 திரெட்; டேட்டாபேஸ் இணைப்புகளை வைத்திருக்கும் ஹிகாரி பூலில் டீஃபால்ட் 10 கனெக்‌ஷன். மாற்றாமல் விட்டால் ஆறு திரெட் சும்மா நிற்கும். இரண்டையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சர்வ்லெட் பக்கமும் இதே கதைதான். ஆக்டரிடம் ஆஸ்க் செய்துவிட்டு (பதில் கேட்டு மெசேஜ் அனுப்பிவிட்டு), பதில் வரும்வரை ஃபியூச்சரில் கெட் போட்டு உட்கார்ந்தால், டாம்கேட்டின் டீஃபால்ட் 200 திரெட்டும் தீர்ந்துபோக நேரமாகாது. திரெட்டைக் காக்க வைக்காத ஸ்டார்ட் அசிங்க் பயன்படுத்துங்கள், வழியிலுள்ள ஃபில்டர்களுக்கும் அசிங்க் அனுமதி கொடுங்கள். ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க் என்றால் கன்ட்ரோலரிலிருந்து கம்ப்ளீட்டபிள் ஃபியூச்சரையே திருப்பிக் கொடுத்தால் சரி.

ரிக்வெஸ்ட் ஆப்ஜெக்டை அப்படியே மெசேஜில் வைத்து அனுப்புவது மோசமான பழக்கம். பதில் போனதும் டாம்கேட் அதை அடுத்தவருக்கு எடுத்துக்கொள்ளும். ஒரு பையரின் ஆர்டரில் இன்னொருவரின் எண் ஏறலாம். தேவையானதை மட்டும் ஒரு ஜாவா ரெக்கார்டில் நகலெடுங்கள். ரெக்கார்டுக்குள் லிஸ்ட் இருந்தால் லிஸ்ட் காப்பிஆஃப் போட மறக்க வேண்டாம், ரெக்கார்ட் அதைத் தானாகப் பூட்டாது.

அப்புறம், எல்லாவற்றையும் ஒரே ஜாராகக் கட்டினால் ஒவ்வொரு பெக்கோ ஜாரிலும் உள்ள ரெஃபரன்ஸ் கான்ஃப் (டீஃபால்ட் செட்டிங்) ஃபைல்கள் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். ஜார்களை ஒன்றாக்கும் மேவன் ஷேடில் அவற்றைச் சேர்த்து ஒட்டும் டிரான்ஸ்ஃபார்மரைப் போடுங்கள்.