ஊருக்கு வந்து பாசாரில் மாட்டிறைச்சி வாங்குவோருக்கு

லண்டனில் இருந்தோ மெல்பர்னில் இருந்தோ விடுமுறைக்குப் பினாங்கு, கோலாலம்பூர் வரும் நம்மவர்கள் இறைச்சிக் கடையில் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். சிவப்பாக இருந்தால் புதுசு, கறுத்திருந்தால் பழசு என்று அங்கேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். வெளிநாட்டில் பாக்கெட்டில் அச்சடித்த தேதி இருக்கும், கடை முழுக்கக் குளிர் இருக்கும். இங்கே பாசாரில், அதாவது சந்தையில், இரண்டும் கிடையாது. அதனால் கேட்க வேண்டியதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்: எப்போது அறுத்தது, அதன் பிறகு எவ்வளவு நேரம் வெக்கையில் கிடந்தது. நிறமெல்லாம் அப்புறம்.

மாட்டிறைச்சி நம் எல்லார் வீட்டு அடுப்பிலும் ஏறுவதில்லை. சமைக்கிற வீடுகளுக்காக எழுதுகிறேன். ஆட்டிறைச்சி வாங்குவோருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

பினாங்கு சௌரஸ்தா மார்க்கெட் பக்கம் தமிழிலேயே கேட்கலாம்: "அண்ணே, இது இன்னிக்கி அறுத்ததா, ஐஸா?" கோலாலம்பூர் சௌக்கிட்டில் மலாய்க்காரர் கடை என்றால் "பாங், இனி செகார் கே பெக்கு?" (அண்ணே, இது புதுசா, உறைந்ததா?) என்றால் போதும். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, தினமும் வாங்குகிறவர்கள் எல்லாரும் கேட்பதுதான். இந்தியாவில் இருந்து உறைய வைத்து வருவது எருமை இறைச்சி. இயல்பிலேயே கருஞ்சிவப்பாக இருக்கும், கொழுப்பு வெள்ளையாக இருக்கும். பசு, காளை இறைச்சியின் கொழுப்பில் லேசான மஞ்சள் தெரியும். எருமை இறைச்சி கறுப்பாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். உறைந்ததைக் கடையிலேயே உருக வைத்துப் பலகையில் பரப்பியிருக்கிறார்களா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அடியில் இளஞ்சிவப்புத் தண்ணீர் தேங்கியிருக்கும். ஓரம் தொளதொளவென்று இருக்க, நடுவில் விரலை வைத்தால் சில்லென்று கெட்டியாக இருக்கும். அப்படிப்பட்டதை வாங்கினால் அன்றே சமைத்துவிடுங்கள், மறுபடி ஃப்ரீசரில் போடாதீர்கள்.

சில கடைகளில் விளக்குக்குச் சிவப்பு மூடி போட்டிருப்பார்கள். அந்த வெளிச்சத்தில் எல்லா இறைச்சியும் அழகுதான். துண்டைக் கொஞ்சம் வெளியே நீட்டி, பகல் வெளிச்சத்தில் காட்டச் சொல்லுங்கள்.

நிறம் மாறுவதற்குக் காரணம் மயோகுளோபின் என்ற புரதம். வெட்டிய உடனே ஊதா கலந்த சிவப்பு. காற்றுப் பட்டுக் கொஞ்ச நேரத்தில் பளிச்சென்று சிவக்கும். நாளாக ஆகப் பழுப்பு. பழுப்பு வந்ததாலேயே கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. கொத்திறைச்சியின் உட்புறம் சாம்பல் நிறமாக இருப்பதும் காற்றுப் படாததால்தான். வெட்டிய பரப்பில் வானவில் மாதிரி மினுங்கினால் அது வெறும் ஒளியின் வேலை.

கெட்டுப்போனதை விரலும் மூக்கும் சொல்லும். இரண்டு விரலால் தொட்டுப் பிரித்துப் பாருங்கள். ஈரமாக இருக்கலாம், பிசுபிசுவென்று ஒட்டி வழுக்கினால் வேண்டாம். புளித்த வாடை, அம்மோனியா நெடி, முட்டை அழுகிய நாற்றம் எது வந்தாலும் தூக்கிப் போடுங்கள். காற்று நீக்கி அடைத்த பாக்கெட்டைத் திறந்ததும் லேசாகப் புளிப்பு அடிக்கும். கால் மணி நேரம் பிரிட்ஜில் திறந்து வைத்தால் போய்விடும், போகவில்லை என்றால் வேண்டாம். பாக்கெட் உப்பியிருந்தாலும் வேண்டாம். சூப்பர்மார்க்கெட்டில் 'தாரிக் லுபுட்' என்று இருப்பதுதான் காலாவதித் தேதி.

ஆனால் மூக்கை மட்டும் நம்பிவிட முடியாது. நோய் தரும் ஈ கோலை, சால்மொனெல்லா போன்ற கிருமிகளுக்கு வாடையே கிடையாது. அதனால்தான் நேரக் கணக்கு முக்கியம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமி வேகமாகப் பெருகும். சாதாரணமாக 2 மணி நேரம் வரை வெளியே இருக்கலாம் என்பார்கள், 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் 1 மணி நேரம்தான். நம்மூர் மதியம் பெரும்பாலும் அந்தக் கணக்குதான். ஆகவே ஜாதிக்காய், ஊறுகாய் எல்லாம் வாங்கி முடித்துவிட்டு, கிராப் டாக்சி கூப்பிடுவதற்கு முன்னால் கடைசியாக இறைச்சி வாங்குங்கள். ஒரு குளிர்ப்பையும் இரண்டு ஐஸ் பாக்கெட்டும் கையோடு இருக்கட்டும்.

பிரிட்ஜ் 4 டிகிரியில் இருந்தால் பெரிய துண்டுகள் 3 முதல் 5 நாள் தாங்கும். கொத்திறைச்சி, ஈரல் 1, 2 நாள்தான். வாடகை அறையில் இருக்கும் சின்ன பிரிட்ஜை நம்பிப் பச்சை இறைச்சியை வைக்காதீர்கள். பலவற்றில் தண்ணீர் ஜில்லென்று ஆவதே பெரிய காரியம்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வருகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். காலையில் குர்பான் (பலி) கொடுத்த இறைச்சி சூடு ஆறாமலேயே பிளாஸ்டிக் பையில் வீட்டுக்கு வரும். நாலைந்து பை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தால் நடுப்பையின் சூடு மணிக்கணக்கில் இறங்காது. அப்படியே மூட்டையாக ஃப்ரீசரில் திணித்தாலும் வெளிப்புறம் உறையும், உள்ளே வெதுவெதுப்பாகவே இருக்கும். வந்ததும் பையைப் பிரித்துத் தட்டையான தட்டுகளில் பரப்பி பிரிட்ஜில் வையுங்கள். ஓர் இரவு அங்கே இருந்தால் கறியும் மிருதுவாகும். மறுநாள் ஒருவேளைச் சமையலுக்கு ஒரு பாக்கெட் என்று தட்டையாகக் கட்டி ஃப்ரீசருக்கு மாற்றுங்கள். பெரியவர்கள் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்றால் எதிர்த்துப் பேச வேண்டாம், தட்டுகளை எடுத்து நீங்களே பரப்பிவிடுங்கள்.

எலுமிச்சை, வினிகர் போட்டுக் கழுவினால் வாடை போகும், கெட்டது போகாது. நன்றாகக் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்பதும் தவறு. சில கிருமிகள் விட்டுப்போன நச்சு கொதித்தாலும் அழியாது. வெளிநாட்டில் பாதி வெந்த ஸ்டேக் சாப்பிட்டுப் பழகியிருந்தால், பாசார் இறைச்சியில் அதைச் செய்து பார்க்காதீர்கள். கொத்திறைச்சி என்றால் நடுப்பகுதி 71 டிகிரி தொட வேண்டும்.

சாப்பிட்ட பிறகு வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல் குடித்துக்கொண்டே இருங்கள். மலத்தில் ரத்தம் தெரிந்தால், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, போக்கை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். ஈ கோலை பெரும்பாலும் 3, 4 நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டும். அதனால் நேற்றைய சாப்பாட்டை மட்டும் சொல்லாமல், அந்த வாரம் முழுக்க என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.