சேர்வராயன் மலைக்காற்றில் சின்ன விமானம் ஓட்டுபவர்களுக்கு
ஆடி மாத மேற்குக்காற்று சேர்வராயன் மலையில் மோதி ஏறும்போது, சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்திலிருந்து கிளம்பும் உங்களையும் சேர்த்துத் தூக்கிவிடும், ஆனால் முகட்டைத் தாண்டி கிழக்கே பொம்மிடிப் பக்கம் போனதும் அதே காற்று கீழே அழுத்தும். முழு த்ராட்டில் (எஞ்சின் விசை) கொடுத்தும் உயரமானி முள் இறங்கிக்கொண்டே இருக்கும். செஸ்னா 172 போன்ற சின்ன விமானம் திணறிவிடும். அதனால் முகட்டுக்கு மேல் 2,000 அடியாவது வைத்துக்கொண்டு, நேராகப் போகாமல் அதற்கு 45 டிகிரி கோணத்தில் நெருங்குங்கள், அப்போதுதான் சட்டென்று சமவெளிப் பக்கம் திரும்ப முடியும். மலை உச்சியில் காற்று 25 நாட் (மணிக்குச் சுமார் 46 கி.மீ.) தாண்டினால் தயவுசெய்து போகவே வேண்டாம். குலுக்கல் வந்தால் வேகத்தைக் குறையுங்கள், இறக்கையை மட்டமாக வையுங்கள், உயரம் கூடிக் குறைவதோடு மல்லுக்கட்டாதீர்கள். அப்புறம் தரையிறக்கம்: காற்று 15 நாட், இடையிடையே 25 வரை வீசுகிறது என்றால் வித்தியாசத்தில் பாதி, அதாவது 5 நாட், வேகத்தில் கூட்டிக்கொள்ளுங்கள். ஓடுபாதை ஓரம் காற்றின் திசையும் வேகமும் காட்டும் துணிக்குழாயான காற்றுப்பை துவண்டு மறுநொடியே விறைத்தால், இறங்காமல் இன்னொரு சுற்று சுற்றி வாருங்கள்.