அலமாரிக்குள் போன மடிக்கணினி: மாயக்கதையை வைத்து வரைந்த அறிவியல் நகைச்சுவையை விடுவிப்பது எப்படி

நான்கு கட்டங்கள், கண்ணும் மூக்கும் இல்லாத குச்சி மனிதர்கள், ஓர் அலமாரி, ஒரு மடிக்கணினி. படித்து முடித்த பிறகும் சிரிப்பு வரவில்லை. ஆனால் சிரிப்பதற்கு ஏதோ ஒன்று அங்கே ஒளிந்திருக்கிறது என்பது மட்டும் உறுதியாகத் தெரிகிறது. அறிவியலிலும் கணினியிலும் ஊறியவர்கள் வரையும் இணையச் சித்திரக்கதைகளைப் படிக்கத் தொடங்கும் எவருக்கும், அதிலும் அவை சிறுவர்களுக்கான மாயக்கதைகளைத் தொடும்போது, இந்தத் தவிப்பு வரும். இத்தகைய நகைச்சுவைக்கு இரண்டு சாவிகள் வேண்டும். ஒன்று கதைக்குள் கிடப்பது, மற்றொன்று அறிவியலுக்குள் கிடப்பது. இரண்டையும் ஒரே நேரத்தில் திருப்பினால்தான் பூட்டு திறக்கும் என்பதால், ஒரு சாவி மட்டும் வைத்திருப்பவர் தமக்கு அறிவு போதவில்லை என்று தவறாக எண்ணிக்கொள்கிறார்.

வழிமுறையை விளக்குவதற்காக நானே ஒரு சித்திரக்கதையைக் கற்பனை செய்து தருகிறேன். அதன் தலைப்பு ‘இணைச் செயலாக்கம்’. முதல் கட்டத்தில் ஒரு சிறுவன் மடிக்கணினியின் முன் அமர்ந்து, “படங்களைப் பூட்டிய கடவுச்சொல் மறந்துவிட்டது, அக்கா. எட்டுச் சின்ன எழுத்துகள் என்பது மட்டும் நினைவிருக்கிறது. விநாடிக்கு ஆயிரம் வீதம் எல்லாவற்றையும் முயன்று பார்த்தால் ஏழு ஆண்டுகள் ஆகும்” என்கிறான். இரண்டாவது கட்டத்தில் பேச்சே இல்லை. அக்கா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஒரு பழைய அலமாரிக்குள் நுழைகிறாள். மூன்றாவது கட்டத்தில் பனி மூடிய காடு, நடுவில் ஒரு விளக்குக் கம்பம், கம்பத்தைச் சுற்றி மடிக்கணினியின் மின்கம்பி, பக்கத்தில் குடை பிடித்தபடி ஆட்டுக்கால் மனிதன் ஒருவன். நான்காவது கட்டத்தில் தம்பி முதல் கட்டத்தில் இருந்த அதே நிலையில் இருக்கிறான், அலமாரியிலிருந்து வெறுங்கையோடு வெளியே வரும் அக்கா, “கண்டுபிடித்துவிட்டேன். நடுவில் ஒரு நாட்டை ஆள வேண்டியதாயிற்று” என்கிறாள். சுட்டியைப் படத்தின் மேல் நிறுத்தினால் இன்னொரு வரி தோன்றுகிறது: “மடிக்கணினி எங்கே என்று தம்பி கேட்டான். அந்த நான்கு மேலங்கிகள் இருக்கும் இடத்தில்தான் என்றேன்.”

முதலில் செய்ய வேண்டியது, கடைசியாகத் தோன்றும் அந்த வரியைத் தொடாமல் படத்தை மட்டும் இரண்டு முறை படிப்பது. முதல் முறை பேச்சை மட்டும் படியுங்கள். இரண்டாம் முறை பேச்சை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். குச்சி மனிதர்களை வரைபவர் தேவையற்ற எதையும் வரைவதில்லை. முகத்தையே விட்டுவிட்ட ஒருவர் ஒரு குடையையோ கம்பியையோ மெனக்கெட்டு வரைந்திருந்தால், அது காரணத்தோடுதான் அங்கே இருக்கிறது. வியப்பூட்டிய பொருள்களையும் புரியாத சொற்களையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எது புரியவில்லை என்று தெளிவாகச் சொல்ல முடிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து, எந்தக் கதை என்று அடையாளம் காண வேண்டும். மாயக்கதைகள் பெரும்பாலும் தங்கள் வாசலாலேயே அடையாளம் காணப்படுகின்றன. முயல் வளை என்றால் ஆலிஸ், இரவில் திறந்திருக்கும் சன்னல் என்றால் பீட்டர் பான், சூறாவளியில் பறக்கும் வீடு என்றால் ஓஸ். அலமாரி, பனி, விளக்குக் கம்பம் மூன்றும் சேர்ந்து வந்தால் அது சி. எஸ். லூயிஸ் 1950 முதல் 1956 வரை ஆண்டுக்கு ஒன்றாக வெளியிட்ட ஏழு நார்னியா நூல்களின் உலகம். குடை பிடித்த ஆட்டுக்கால் மனிதன் அதை ஐயமின்றி உறுதிப்படுத்துகிறான். பெயரைக் கண்டுபிடித்ததோடு நின்றுவிடக் கூடாது. அந்தக் கதையின் எந்த விதியை இந்தப் படம் பயன்படுத்துகிறது என்பதே நமக்கு வேண்டிய சாவி.

இங்கே அந்த விதி காலம். முதல் நூலில் லூசி என்ற சிறுமி அலமாரி வழியாக அந்த நாட்டுக்குப் போய், ஆட்டுக்கால் மனிதனின் வீட்டில் பல மணி நேரம் இருந்துவிட்டுத் திரும்புகிறாள். வீட்டிலோ ஒரு கணம்கூடக் கழியவில்லை. உடன்பிறந்தவர்கள் அவள் பொய் சொல்வதாக நினைக்கும்போது, அந்த வீட்டின் முதிய பேராசிரியர், கதை கட்டுகிற சிறுமி தன் கதைக்கு ஏற்பச் சற்று நேரமாவது ஒளிந்திருந்து வந்திருப்பாள் என்று அவளுக்காக வாதாடுகிறார். இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தமானது, ஏனென்றால் தருக்கத்தோடு மாயத்தை அளந்து பார்க்கும் பழக்கம் வெளியிலிருந்து வந்து கதையின் மேல் ஏறியது அன்று. கதைக்குள்ளேயே அது இருக்கிறது. நூலின் முடிவில் நான்கு பிள்ளைகளும் பல ஆண்டுகள் அந்த நாட்டை ஆண்டு, வளர்ந்து பெரியவர்களாகி, பிறகு அலமாரி வழியாகத் தற்செயலாகத் திரும்பும்போது, புறப்பட்ட அதே நாளில் அதே மணியில் மீண்டும் சிறுவர்களாக வந்து நிற்கிறார்கள். அடுத்தடுத்த நூல்களைப் படித்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும்: இந்தக் கால விகிதம் நிலையானதன்று. 1951இல் வந்த நூலில் இங்கே ஓர் ஆண்டு கழிவதற்குள் அங்கே பல நூறு ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. 1952இல் வந்த நூலிலோ இங்கே ஓர் ஆண்டுக்கு அங்கே மூன்று ஆண்டுகள்தான். இரண்டு கடிகாரங்களையும் ஒரே சமன்பாட்டில் கட்ட முடியாத இந்தக் குழப்பமே அறிவியல் மனம் கொண்ட வாசகர்களைத் திரும்பத் திரும்ப அந்த அலமாரியிடம் இழுத்து வருகிறது.

இனி இரண்டாவது சாவி. கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்க இருக்கும் மிக எளிய வழி, சாத்தியமான எல்லாச் சொற்களையும் ஒவ்வொன்றாக முயல்வது. அதற்குத் திறமை வேண்டாம், நேரம் மட்டும் வேண்டும். ஆங்கிலச் சிறிய எழுத்துகள் 26, எட்டு இடங்கள். எட்டு 26களை ஒன்றோடொன்று பெருக்கினால் 20,882 கோடிக்குச் சற்று மேல் வரும். நல்ல பூட்டு மென்பொருள்கள் இத்தகைய முயற்சியைத் தடுப்பதற்காகவே ஒவ்வொரு சோதனையையும் வேண்டுமென்றே மெதுவாக்குகின்றன என்பதால், விநாடிக்கு ஆயிரம் என்பது பொருந்தாத எண் அன்று. அந்த வேகத்தில் ஏறத்தாழ 20.9 கோடி விநாடிகள் தேவை. ஓர் ஆண்டுக்குச் சுமார் 3.16 கோடி விநாடிகள் என்பதால் விடை 6.6 ஆண்டுகள். முழு எண்ணாக்கினால் தம்பி சொன்ன ஏழு ஆண்டுகள் வந்துவிட்டது.

இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள் என்று வற்புறுத்துவேன். எண் சரியாக வரும் கணத்தில் படத்தின் மேல் ஒரு நம்பிக்கை பிறக்கிறது. வரைந்தவர் விளையாட்டுக்காக ஓர் எண்ணைத் தூவவில்லை என்று தெரிகிறது. அதோடு நின்றுவிடாமல் எண்ணைச் சற்று மாற்றியும் பாருங்கள். கடவுச்சொல் பத்து எழுத்துகளாக இருந்திருந்தால் 4,400 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அக்கா எத்தனை நாடுகளை ஆண்டாலும் விடையைப் பார்க்க உயிரோடு இருக்க மாட்டாள். ஆறு எழுத்துகள் என்றால் நான்கு நாள்கூட ஆகாது, அலமாரியே தேவைப்பட்டிருக்காது. ஒரு மனிதரின் வாழ்நாளுக்குள் அடங்கும், ஆனால் தம்பியின் பொறுமைக்குள் அடங்காத ஓர் எண் வேண்டும் என்பதற்காகத்தான் எட்டு.

இரண்டு சாவிகளும் கையில் வந்த பிறகு, அவை சந்திக்கும் தையலைத் தேட வேண்டும். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இது: கதை வியப்புக்காகச் சொன்ன எந்தச் செய்தியை, இந்தப் படத்தில் வரும் ஒருவர் இயற்கை விதியாக எடுத்துக்கொண்டு வேலை வாங்குகிறார்? பிள்ளைகள் வளர்ந்து திரும்பியது கதையில் ஒரு பேரதிசயம். அக்காவுக்கோ அது செலவில்லாத கணினி நேரம். வேறோர் உலகத்தையே துணைச் செயலியாக, அதாவது கணக்குப் போடும் இன்னொரு கணினி மூளையாக, பயன்படுத்திவிடுகிறாள். தலைப்பு இப்போது தானாகத் திறக்கிறது: கணினித் துறையில் ஒரே வேலையைப் பல செயலிகளுக்குப் பங்கிட்டு ஒரே நேரத்தில் செய்வது இணைச் செயலாக்கம், கதைகளில் நம் உலகத்துக்குப் பக்கத்தில் இருப்பது இணை உலகம். ஆகையால் தலைப்பைப் படித்துவிட்டு மறந்துவிடாதீர்கள். படம் முடிந்ததும் அதனிடம் திரும்பி வாருங்கள்.

இத்தகைய நகைச்சுவையைக் கதையைக் கேலி செய்வது என்று படிப்பவர்கள் தையலைத் தவறவிடுகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து. கதையின் விதியை நம்பாதவர் அதன் மேல் ஏழு ஆண்டுக் கணக்கை ஏற்றி வைக்க மாட்டார்.

விளக்குக் கம்பத்தில் சுற்றிய கம்பி துணை நகைச்சுவை. காட்டின் நடுவில் தனியாக எரியும் அந்த விளக்கு எப்படி வந்தது என்பதை முதல் நூல் சொல்வதில்லை. 1955இல் வந்த ஆறாவது நூலில்தான், லண்டன் தெருவிளக்கிலிருந்து பிடுங்கப்பட்ட இரும்புத் தண்டு ஒன்று, அந்த உலகம் படைக்கப்பட்ட நாளில் அதன் மண்ணில் விழுந்து செடிபோல் முளைத்து விளக்காகியது என்று தெரியவருகிறது. எரிவது நெருப்பு, மின்சாரம் அங்கே இல்லை. இதை அறியாதவர்க்கு அக்கா கிடைத்த இடத்தில் மின்சாரம் எடுக்கிறாள் என்று மட்டும் தோன்றும், அதுவும் போதுமானது. அறிந்தவர்க்கு மட்டும் அந்தக் கம்பி இன்னொரு சிரிப்பைத் தருகிறது. இப்படிப்பட்ட பொருள்கள் தெரியவில்லை என்பதால் முதன்மையான நகைச்சுவை புரியாமல் போகாது. எனவே அவற்றை இறுதியில் தேடிக்கொள்ளலாம்.

இப்போது அந்த மறைவான வரிக்கு வரலாம். ராண்டல் மன்றோ 2005 முதல் வரைந்துவரும் எக்ஸ்கேசிடி என்ற சித்திரக்கதையில் இது நிலையான வழக்கம். படத்தில் சொல்லாமல் விட்ட இரண்டாவது நகைச்சுவையை அவர் அங்கே வைப்பார். கணினியில் சுட்டியைப் படத்தின் மேல் அசையாமல் நிறுத்த வேண்டும். கைப்பேசியில் படத்தை அழுத்திப் பிடித்துப் பார்க்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் அந்த வரி நான்கு மேலங்கிகளைப் பேசுகிறது. பனியில் குளிருமே என்று அந்த நான்கு பிள்ளைகளும் அலமாரியில் தொங்கிய நான்கு மேலங்கிகளை அணிந்துகொண்டு போனார்கள். திரும்பியபோது மேலங்கிகள் அவர்களோடு வரவில்லை, அவை காணாமல் போனதற்காகவே நடந்ததைப் பேராசிரியரிடம் சொல்ல வேண்டியிருந்தது. அந்த விதியை மடிக்கணினிக்கும் பொருத்துங்கள். கடவுச்சொல் அக்காவின் நினைவில் வந்துவிட்டது. அது திறக்க வேண்டிய பெட்டியோ வேறோர் உலகத்தில் தங்கிவிட்டது. மீண்டும் நான்காவது கட்டத்தைப் பாருங்கள்: அக்காவின் இரண்டு கைகளும் வெறுமையாக இருக்கின்றன. விடை கண் முன்னாலேயே வரையப்பட்டிருந்தது.

நீங்கள் கண்டடைந்த விளக்கம் சரிதானா என்று சோதிக்க நம்பகமான வழி ஒன்று உண்டு. வாசலை மாற்றிப் பாருங்கள். அலமாரிக்குப் பதில் முயல் வளையை வைத்தால், ஆலிஸின் பயணம் முழுவதும் கனவு என்பதால், அக்கா விழித்தெழும்போது கடவுச்சொல் எதுவும் கிடைத்திருக்காது. பீட்டர் பானின் தீவை வைத்தால், பிள்ளைகள் பறந்துபோன பிறகு வீட்டில் பெற்றோர் நாள் கணக்கில் காத்திருப்பதால், தம்பியும் காத்துக்கொண்டே இருக்க வேண்டும். வேறு எந்தக் கதையிலும் உட்காராமல் இந்தக் கதையில் மட்டும் உட்காரும் விளக்கம்தான் உண்மையான விளக்கம். எல்லாக் கதைக்கும் பொருந்துகிற ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தால், நீங்கள் இன்னும் விதியைத் தொடவில்லை. மறுபடியும் கதைச் சாவிக்குத் திரும்புங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பிடிபடவில்லை என்றால், வாசகர்கள் சேர்ந்து எழுதும் விளக்கத் தளங்களை நாடலாம். எக்ஸ்கேசிடியின் ஒவ்வொரு படத்துக்கும் அப்படி ஒரு விளக்கம் உண்டு. அங்கே போகும் முன் உங்கள் ஊகத்தை ஒரே வாக்கியத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விடுகதைக்கு விடையைப் பார்த்த பிறகு முன்பு என்ன நினைத்தோம் என்பது நினைவில் நிற்பதில்லை. ஏழு ஆண்டுகள் ஒரு மடிக்கணினி பனியில் தாங்குமா என்பது போன்ற வாதங்கள் இத்தகைய இடங்களில் நீண்டுகொண்டே போகும். அவை சுவையானவை, ஆனால் நகைச்சுவையின் பகுதி அல்ல. படமே எழுப்பாத கேள்விக்குப் படத்தில் விடை தேட வேண்டாம்.

விடுவித்த பிறகு ஒரு முறை முழுதாகப் படியுங்கள். “நடுவில் ஒரு நாட்டை ஆள வேண்டியதாயிற்று” என்ற வரியில் இப்போது கணக்கு ஒலிப்பதில்லை. அங்கே வளர்ந்து, ஆட்சி செய்து, மீண்டும் சிறுமியாகி, கையில் எதுவும் இல்லாமல் தம்பியின் அறைக்குள் வந்து நிற்கிறாள் ஒருத்தி; அவனுக்கோ அவள் உள்ளே போனதே இன்னும் சரியாகத் தெரியவில்லை.