ஒரு நோட்டு, ஒரு டப்பா பெயின்ட்: உங்கள் தெருவுக்கு ஒரு வெள்ளத் திட்டம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் விளவங்கோடு பக்கம் குடிக்கிற தண்ணீரையே வெள்ளம் என்றுதான் சொல்வோம். அதனாலோ என்னவோ, "வெள்ளம் வருது" என்றால் எங்கள் தெருவில் ஒருவரும் அசைவதில்லை. 2021 நவம்பரில் கட்டில்மேல் கட்டிலைப் போட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்த பிறகுதான் பதினெட்டு வீட்டுக்காரர்களும் ஒன்றுகூடினோம். ஒரு நோட்டு, கொஞ்சம் பெயின்ட், இரண்டு ஞாயிற்றுக்கிழமை, அவ்வளவுதான் செலவு. செய்ததை அப்படியே சொல்கிறேன், உங்கள் தெருவுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில், தண்ணீர் வரும் வழி

தெருவிலேயே வயதான ஒருவரை அழைத்துக்கொண்டு நடங்கள். எந்தப் பக்கமிருந்து ஏறியது, எந்தச் சுவர்வரை நின்றது, எல்லாம் அவர்களுக்குத் தெரியும். நோட்டில் படமாக வரைந்துகொள்ளுங்கள், அழகாக இருக்க வேண்டியதில்லை.

நம் மாவட்டத்தில் வெள்ளம் ஒரே மாதிரி வருவதில்லை. பேச்சிப்பாறை அணைக்கு முழுக்கொள்ளளவு 48 அடி, பெருஞ்சாணி அணைக்கு 77 அடி. அவை நிரம்பும் நிலைக்கு வந்து உபரிநீரைத் திறந்தால் கோதையாறும் பரளியாறும் சேர்ந்து குழித்துறை வழியாகத் தேங்காப்பட்டணம் நோக்கி வரும்போது, நம் முற்றத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும் மலையில் பெய்தது இங்கே வந்து ஏறும். அதனால் அணை நீர்மட்டத்தைத் தினமும் பேப்பரில் பார்ப்பதற்கு ஒரு ஆள் வேண்டும். குளத்துக்குக் கீழே இருப்பவர்கள் மறுகாலையும் (உபரிநீர் வெளியேறும் வழி) கரையையும் பார்க்க வேண்டும். மணக்குடி, கடியபட்டணம் மாதிரி ஆறு கடலில் சேரும் இடங்களில் இருப்பவர்கள் பொழிமுகத்தை, அதாவது ஆற்றின் வாயைப் பார்க்க வேண்டும், அங்கே மணல் மூடிக் கிடந்தால் ஆற்றுத் தண்ணீர் இறங்க வழியில்லாமல் பின்னாலேயே ஏறும்.

அப்புறம், கோடு

இதுதான் முக்கியம். "இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்று சொல்லிச் சொல்லித்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறோம். கிளம்புகிற நேரத்தை ஆள் முடிவு செய்யக்கூடாது, கோடு முடிவு செய்யட்டும்.

கொத்தனாரிடம் மட்டம் பார்க்கிற டியூப் இருக்கும். அதில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைத் தெருவிலேயே தாழ்ந்த வீட்டின் வாசல்படியிலும், மறுமுனையை ஓடைப் பாலத்தின் சுவரிலும் பிடியுங்கள். டியூபில் காற்றுக்குமிழி இருந்தால் மட்டம் தப்பும், தட்டித் தட்டி வெளியேற்றிவிடுங்கள். படிப்பக்க முனையில் தண்ணீர் சரியாகப் படி மட்டத்தில் அசையாமல் நின்ற பிறகு, மறுமுனையில் தண்ணீர் நிற்கும் உயரத்தில் சுவரில் கரியால் ஒரு குறி போடுங்கள். வாசல்படியின் மட்டம் அது.

எல்லாரும் கிளம்ப வேண்டிய அளவைக் காட்டும் சிவப்புப் பெயின்ட் கோடு ஒன்றை நாங்கள் முதலில் அந்தக் குறியிலேயே போட்டுவிட்டோம். பிறகுதான் உறைத்தது, படிவரை தண்ணீர் வந்தால் ரோட்டில் ஏற்கெனவே முழங்கால் அளவு ஓடிக்கொண்டிருக்கும், அதில் யாரை எப்படித் தூக்குவது? ஒன்றரை அடி கீழே இறக்கினோம். அதற்கும் ஒரு அடி கீழே மஞ்சள். மஞ்சளைத் தொட்டால் வயதானவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் கிளம்ப வேண்டும், ஆடுமாட்டை அவிழ்க்க வேண்டும். சிவப்பைத் தொட்டால் எல்லாரும், பேச்சே கிடையாது. ராத்திரியில் ஓடைப்பக்கம் போகாமல், தூரத்திலிருந்தே டார்ச் அடித்துப் பார்க்கிற இடமாகக் கோடு இருக்கட்டும்.

நோட்டில் வீட்டுக்கு ஒரு பக்கம்

மகன் வளைகுடாவில், மகள் சென்னையில், வீட்டில் அம்மா மட்டும்: எங்கள் தெருவில் இப்படி நாலு வீடு. யாரைத் தூக்க வேண்டும், என்ன மருந்து, கேஸை மூடி மெயினை அணைப்பது யார், தூக்க வருகிற பக்கத்து வீட்டு ஆள் யார் என்று பெயர்போட்டு எழுதுங்கள். எழுதினால் போதாது, தூக்கியும் பாருங்கள். நடக்க முடியாத ஒரு பாட்டியை பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கிப் பார்த்தபோது வாசலைத் தாண்டுவதற்குள் அதன் கால் வளைந்துவிட்டது, பாட்டி சிரித்த சிரிப்பு அடங்கவே இல்லை. இப்போது அவருக்கென்று ஒரு மரநாற்காலி ஒதுக்கியிருக்கிறோம்.

போகிற இடம் மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடமோ மண்டபமோ எதுவாகவும் இருக்கலாம், ஆனால் சாவி யாரிடம் என்பதையும் அவர் இல்லாவிட்டால் யாரிடம் என்பதையும் எழுதுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070.

ஓடை

கன்னிப்பூ (முதல் போக நெல்) அறுப்பு முடிந்து கும்பப்பூ (இரண்டாம் போகம்) நடவுக்கு முன்னால் தெரு ஓடையைத் தோண்டிவிடுங்கள். ஒரு சென்ட் நிலத்தில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 4,000 லிட்டர். முன்பு இதை ஏலா, அதாவது தாழ்வான வயல்வெளி வாங்கிக்கொண்டது. ஏலாவில் மண்ணடித்து வீடு கட்டிவிட்டு, தண்ணீர் நம் வீட்டுக்குள் வருகிறதே என்றால் அது வேறெங்கே போகும்? நம்மால் முடியாத அடைப்புகளை ஆகஸ்ட் 15 கிராம சபையிலேயே மனுவாகக் கொடுங்கள், அக்டோபர் 2 வரை காத்திருந்தால் மழை முந்திக்கொள்ளும்.

வடிந்த பிறகு

மெயின் சுவிட்சை எலக்ட்ரீஷியன் பார்க்காமல் போடாதீர்கள். கிணற்றைக் கலங்கல் போக இறைத்து, ஊறவிட்டு, அப்புறம் பிளீச்சிங் பவுடர். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் கணக்கு. 2 மீட்டர் அகலக் கிணற்றில் 3 மீட்டர் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 9,400 லிட்டர், அதாவது 24 கிராம் வேண்டும். வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றிக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் தொடக்கூடாது.

பெயின்ட் எனாமலாகவே வாங்குங்கள். நாங்கள் முதலில் அடித்த டிஸ்டம்பர் ஐப்பசி மழையிலேயே கழுவிக்கொண்டு போய்விட்டது.