ஓசூர் பால்கனியில் ஒரு செம்பு வளையம்

ஓசூரில் நாங்கள் குடியிருப்பது மூன்றாவது மாடி. மொட்டை மாடியில் யாரும் கம்பி கட்டக் கூடாது என்று குடியிருப்போர் சங்கத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள். நானோ ஹாம் ரேடியோக்காரன், பொழுதுபோக்குக்காக வானொலியில் மற்றவர்களோடு பேசுகிறவன். 40 மீட்டர் பட்டைக்கு (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) டைபோல் என்ற நேர்கம்பி ஆன்டெனா கட்டினால் 20 மீட்டர் நீளம் வேண்டும். எனக்கு இருப்பது ஒன்பது அடி நீளம், நாலரை அடி அகலத்தில் ஒரு பால்கனி. அங்கே உட்கார்ந்தால் சந்திரசூடேஸ்வரர் கோயில் மலை தெரியும். அந்தப் பால்கனியில் நிற்கும் மேக்னடிக் லூப் என்ற வளைய ஆன்டெனாவை வைத்துத்தான் நான் ஹாம் ரேடியோ பேசுகிறேன். அதை எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன். தேர்வு எழுதி, உரிமம் வாங்கி, அழைப்புக்குறி கையில் வந்த பிறகுதான் ஒலிபரப்ப வேண்டும், அதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

லூப் என்பது ஒரு மீட்டர் விட்டமுள்ள செம்பு வளையம், அதன் இரு முனைகளுக்கு நடுவே ஒரு கண்டென்சர், அவ்வளவுதான். வளையம் இண்டக்டராக (மின்சுருளாக) வேலை செய்கிறது, இரண்டும் சேர்ந்து ஒரே அலைவரிசையில் ஒத்ததிர்கின்றன. கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. 14 மெகாஹெர்ட்ஸில் இந்த வளையத்தின் கதிர்வீச்சுத் தடை, அதாவது அலையாக வெளியே போகும் பவரைக் குறிக்கும் தடை, சுமார் 0.09 ஓம்தான். டைபோலுக்கு அது 70 ஓமுக்கு மேல். செம்பின் தடையே இங்கே 0.06 ஓம் வந்துவிடுகிறது. கண்டென்சர் இழப்பைச் சேர்க்காமல் பார்த்தால் கொடுக்கும் பவரில் ஏறக்குறைய 60 சதவீதம் வெளியே போகும். இதில் ஒரு மோசமான இணைப்பு 0.1 ஓம் சேர்த்துவிட்டால் 37 சதவீதமாகிவிடும். நான் டூல் ரூமில் வேலை செய்கிறவன், மைக்ரான் கணக்கில் பழகிய கை. அப்படியும் முதல் லூப்பில் போல்ட் நட்டு போட்டு முறுக்கி வைத்துவிட்டேன். ஒரு மாதம் கூப்பிட்டேன், பதிலே இல்லை.

அதனால் குழாயையும் இணைப்பையும் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏசி மெக்கானிக்குகள் சுருளாக வைத்திருக்கும் 5/8 அங்குல மென்செம்புக் குழாயில் 3.2 மீட்டர் வாங்குங்கள். தரையில் சாக்பீஸால் ஒரு மீட்டர் வட்டம் வரைந்து, அதன் மேல் குழாயை வைத்து மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக வளையுங்கள். அவசரப்பட்டால் நசுங்கும். கண்டென்சருக்கு, பழைய வால்வு ரேடியோவில் இருந்த இரட்டை கேங் (ஒரே அச்சில் திரும்பும் இரண்டு பிரிவுள்ள கண்டென்சர்) தேடுங்கள். எனக்கு பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் கிடைத்தது. ஒவ்வொரு பிரிவும் 500 பிகோஃபாரட் அளவில் இருக்கும். வளையத்தின் ஒரு முனையை ஒரு பிரிவின் ஸ்டேட்டருக்கும் (அசையாமல் நிற்கும் தகடுகள்), மறு முனையை அடுத்த ஸ்டேட்டருக்கும் இணையுங்கள். நடு அச்சுக்கு எந்த ஒயரும் வேண்டாம். இப்படிச் செய்தால் மின்னோட்டம் அச்சைத் தேய்த்து நிற்கும் அந்தப் பித்தளைப் பட்டை வழியாகப் போகாது. பட்டையில் இருக்கும் தடை அப்படியே கழிந்துவிடும். இரண்டு பிரிவும் தொடரில் வருவதால் 250 பிகோஃபாரட் கிடைக்கும். 14 மெகாஹெர்ட்ஸுக்கு 47 பிகோஃபாரட், 7 மெகாஹெர்ட்ஸுக்கு 190 அளவில் தேவை, ஆக இரண்டுக்கும் போதும். குழாய் முனையிலிருந்து ஸ்டேட்டர் வரை அகலமான செம்புப் பட்டை. குழாய்ப் பக்கம் பிரேசிங் செய்து வாங்குங்கள், ஏசி மெக்கானிக்கே ஐந்து நிமிடத்தில் செய்து தருவார். ஸ்டேட்டர் பக்கம் தாராளமாக ஈயம் வைத்துப் பற்றவையுங்கள்.

வளையத்தை நிமிர்த்தி நிறுத்த பி.வி.சி. குழாய், அடியில் மணல் நிரப்பிய பிளாஸ்டிக் பக்கெட். கண்டென்சர் உச்சியில். அதற்கு நேர் எதிரே, வளையத்தின் அடிப்பகுதியில், உள்பக்கம், 20 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு சின்ன வளையம். வீட்டு ஒயரிங் கம்பியே போதும், ரேடியோவிலிருந்து வரும் கோஆக்ஸ் கேபிள் அதில்தான் வந்து சேரும். கேபிளை ஒரு ஃபெரைட் வளையத்தில் பத்துச் சுற்று சுற்றிவிடுங்கள், வீட்டுக்குள்ளிருந்து வரும் இரைச்சல் குறையும்.

இப்போது எச்சரிக்கை. வெறும் 5 வாட் கொடுத்தாலே கண்டென்சரில் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் வரும். நண்பரின் 20 வாட் ரிக்கை (ஒலிபரப்பும் ரேடியோவை) மாட்டிப் பார்த்தபோது தகடுகளுக்கு நடுவே படபடவென்று பொறி பறந்தது. ரேடியோ கேங் 5 வாட்டோடு நிற்கட்டும். அச்சில் ஓரடிக்குக் குறையாமல் பிளாஸ்டிக் தண்டு மாட்டித்தான் திருப்ப வேண்டும். ஒலிபரப்பும்போது யாரும் இரண்டு மீட்டருக்குள் நிற்கக் கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் பால்கனிக் கதவைத் தாழிட்டுவிடுங்கள்.

டியூன் செய்வது பொறுமை கேட்கும் வேலை. ஒரு முறை டியூன் செய்தால் 14 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 20 கிலோஹெர்ட்ஸ் அகலம்தான் கிடைக்கும், 7 மெகாஹெர்ட்ஸில் அதைவிடக் குறைவு. முதலில் ரிசீவரில் இரைச்சல் சட்டென்று எகிறும் இடத்தைக் காதால் பிடியுங்கள். அப்புறம் ஆன்டெனாவை அளக்கும் நானோ வி.என்.ஏ. என்ற சின்னக் கருவியை மாட்டி, எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா எவ்வளவு பொருந்தவில்லை என்று காட்டும் அளவு) பள்ளம் சரியாக உங்கள் அலைவரிசையில் விழும்வரை திருப்புங்கள். அந்தக் கருவி அனுப்பும் பவர் மிகமிகக் குறைவு, அதனால் பக்கத்தில் நின்று செய்யலாம். ரிக்கை மாட்டுவது அதற்குப் பிறகுதான்.

வைக்கும் இடத்தில் நான் தவறு செய்தேன். லூப்பை இரும்பு கிரில்லுக்கு இணையாக, ஒட்டி வைத்திருந்தேன். கிரில் பவரைத் தின்றுகொண்டிருந்தது. குறுக்கே திருப்பி, முடிந்தவரை தள்ளி வைத்ததும் மாற்றம் தெரிந்தது. லூப்பின் தட்டையான முகம் பார்க்கும் திசையில் அது எதையும் சரியாகக் கேட்காது. எங்கள் லிஃப்ட் மோட்டார் பக்கம் அந்த முகத்தைக் காட்டியபோது 7 மெகாஹெர்ட்ஸ் இரைச்சல் பாதியாகக் குறைந்த மாதிரி இருந்தது. வானத்திலிருந்து செங்குத்தாக இறங்கும் சிக்னல்களுக்கு இதனால் நஷ்டமில்லை. நிமிர்ந்து நிற்கும் லூப் மேல்நோக்கியும் வீசும். 40 மீட்டரில் அதன் திறன் பத்து சதவீதம்தான், இருந்தும் பகலில் மதுரைக்காரர் என் குரலைப் பிடித்துப் பதில் சொன்னார். அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. தூர நாடுகளுக்கு 14.074 மெகாஹெர்ட்ஸில், கணினி வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் எஃப்.டி.8 முறையை வைத்துக்கொள்ளுங்கள், குறைந்த பவருக்கு அதைவிட நல்ல துணை இல்லை.

பக்கத்து வீட்டு அம்மா ஒரு நாள், "இது என்ன தம்பி, டவரா?" என்று பயந்துதான் கேட்டார். ஐந்து வாட் என்றால் பழைய இழை வைத்த ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பை விடக் குறைவு என்று சொல்லி, உள்ளே உட்காரவைத்து ஒரு முழு உரையாடலைக் கேட்கவைத்தேன். அனுமதி கேட்டுச் சங்கத்துக்கு எழுதும் முன்பு இப்படி ஒரு வீட்டையாவது கூப்பிட்டுக் காட்டுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் சாயங்காலம் வானம் இருட்டினால் இடி குமுறும் வரை காத்திருக்காதீர்கள். கேபிளைக் கழற்றி, பக்கெட்டோடு லூப்பை ஹாலுக்குள் இழுத்துவிடுங்கள். ஈரம் ஏறிய கேங்கை மறுநாள் காயவைத்து, தகடுகளுக்கு நடுவே தூசியை மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டுத் திரும்ப மாட்டலாம்.